புதுக் கணிப்பொறி நின்றுபோனால் யார் குற்றவாளி?

சென்னை மாநகரின் தென்பகுதியில், அடையாற்றை ஒட்டி அமைந்திருப்பது ஈக்காட்டுத்தாங்கல். தாங்கல் என்பது சிறிய நீர்நிலையைக் குறிக்கும் பழைய சொல். 1958-ஆம் ஆண்டில் அருகே கிண்டித் தொழிற்பேட்டை தோன்றியபின், இப்பகுதி இயந்திரங்களின் இருப்பிடமாகவும் மாறியது. லேத் பட்டறைகளும் உதிரிபாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடங்களும் தெருவுக்குத் தெரு பெருகின. பின்னர் அவற்றின் பக்கத்திலேயே ஒலிம்பியா தொழில்நுட்பப் பூங்கா போன்ற கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. 2015 ஜூன் 29 அன்று சென்னையின் முதல் மெட்ரோ ரயில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஓடத் தொடங்கியபோது, வழியில் ஈக்காட்டுத்தாங்கலிலும் ஒரு நிலையம் திறக்கப்பட்டது.

இத்தகைய இடத்தில் கடைசல் தொழிலாளியும் கணிப்பொறி வல்லுநரும் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். இருவர் இல்லத்திலும் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுக் கணிப்பொறி நுழைந்துவிட்டது. பெருஞ்செலவில் வாங்கிய அந்தக் கருவி, வாங்கிய புதிதிலேயே அடிக்கடி அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? 'ஹேங் ஆகிவிட்டது' என்று நம் பிள்ளைகள் கூறும் இந்தத் தொல்லை பல குடும்பங்களில் பணத்தோடு மன அமைதியையும் குலைத்துவிடுகிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

தீர்ப்பு முந்துகிறது, விசாரணை பிந்துகிறது

ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். கல்லூரியில் சேர்ந்துள்ள மகனுக்காகத் தந்தை தவணை முறையில் கடன் பெற்று ஒரு கணிப்பொறியை வாங்கித் தருகிறார். பத்து நாட்கள் குறையின்றி ஓடுகிறது. பதினோராம் நாள், மகன் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே உறைந்து நிற்கிறது. சுட்டி நகரவில்லை, விசைகளைத் தட்டினாலும் பயனில்லை. அணைத்துப் போட்டால் மீண்டும் ஓடுகிறது. அடுத்த நாள் இருமுறை நிற்கிறது.

உடனே தீர்ப்புகள் வரிசையாக வருகின்றன. "கண்ட விளையாட்டுகளையெல்லாம் இதில் ஏற்றினாயே, அதனால்தான்" என்கிறார் தாய். "கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்" என்கிறார் தந்தை. "வைரஸ் புகுந்திருக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்கிறான் மகன். அவன் சொல் மட்டும் எடுபடுவதில்லை. நால்வரில் ஒருவர்கூட இயந்திரத்தை இன்னும் ஆராய்ந்து பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தொழிற்பேட்டையில் ஒரு கடைசல் இயந்திரம் நின்றுவிட்டால் அனுபவமுள்ள மேஸ்திரி என்ன செய்கிறார்? அவர் யாரையும் உடனே திட்டுவதில்லை. மின்சாரம் வருகிறதா, பெல்ட் நழுவியதா, பேரிங் சூடேறியிருக்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். காது கொடுத்துக் கேட்கிறார். கணிப்பொறிக்கும் அந்த முறையே பொருந்தும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் கூறியது இயந்திரங்களுக்கும் உரிய அறிவுரையே.

முதற்கடமை

விசாரணையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணிப்பொறி ஓடும் நேரத்திலேயே அதிலுள்ள பாடக் குறிப்புகள், புகைப்படங்கள், ஆவணங்கள் யாவற்றுக்கும் நகல் எடுத்துவிட வேண்டும். நின்றுபோகும் இயந்திரத்தை நாம் வலுவில் அணைக்கிறோம். அவ்வேளையில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புகள் சிதையக்கூடும். நகலை அதே மேசையில் வைப்பதும் போதாது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டபோது ஈக்காட்டுத்தாங்கலின் வீடுகளுக்குள் வெள்ளம் நுழைந்ததை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். கணிப்பொறியும் அதன் நகலும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். ஆகவே ஒரு நகல் உறவினர் வீட்டிலோ, இணையத்தின் வழியே வேறிடத்திலோ இருத்தல் நலம்.

நிற்பதிலும் வகை உண்டு

எல்லா நிறுத்தமும் ஒன்றல்ல. திரை உறைந்தவுடன் விசைப்பலகையில் உள்ள 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்திப் பாருங்கள். அதற்குரிய சிறு விளக்கு எரிந்து அணைந்தால், இயந்திரத்தின் உள்ளே உயிர் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஏதோ ஒரு செயலியோ, படத்தைத் திரைக்கு அனுப்பும் பகுதியோ மட்டும் சிக்கிக்கொண்டிருக்கலாம். விளக்கு மாறாவிட்டால் கணிப்பொறி முழுவதுமே நின்றுவிட்டிருக்கக்கூடும்.

அரை நிமிடம் உறைந்து, பின் தானே விழித்துக்கொண்டு ஓடினால், தகவல்களைச் சேமிக்கும் வட்டின்மீது ஐயம் கொள்ளலாம். உறையாமல் பட்டென்று அணைந்துபோனால் மின்சாரமோ அதிக வெப்பமோ காரணமாகலாம். நீலத் திரை தோன்றி அதில் ஏதேனும் குறியீடு காணப்பட்டால், அதனை உடனே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் செல்லும் நோயாளி 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் போதுமா? எப்போது, எங்கே, எவ்வாறு என்று சொன்னால்தானே அவர் நோயை அறிய முடியும்?

ஒரு குறிப்பேடு வாங்குங்கள்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற பெரிய கணிப்பொறி ஒன்று இருந்தது. மின்சாரத்தால் திறந்து மூடும் ஏராளமான ரிலே இணைப்புகளால் அது இயங்கியது. 1947 செப்டம்பர் 9 அன்று அது கோளாறு செய்தபோது, பணியாளர்கள் தேடிச் சென்று, ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருப்பதைக் கண்டனர். அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, நேரம் பிற்பகல் 3.45 என்றும், 'எஃப்' பலகையின் 70-ஆம் ரிலே என்றும் பதிவு செய்தனர். அந்தப் பூச்சியும் குறிப்பேடும் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் உள்ளன.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பூச்சியை வியப்பார்கள். நாம் வியக்க வேண்டியது அந்தக் குறிப்பேட்டை. இயந்திரம் எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன காரணத்தால் நின்றது என்று அன்றே எழுதிவைத்தார்கள். நம் வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். நின்ற நாள், நேரம், அப்போது ஓடிக்கொண்டிருந்த செயலிகள், அறையில் மின்விசிறியோ ஏசியோ ஓடியதா, அதற்கு முன் புதிதாக என்ன சேர்க்கப்பட்டது ஆகியவற்றை எழுதுங்கள். இதனை எழுதும் பொறுப்பை மகனிடமோ மகளிடமோ ஒப்படையுங்கள். ஒரு வாரத்தில், யாருக்கும் தெரியாதிருந்த ஓர் ஒழுங்கு அந்தப் பக்கங்களில் தெரியவரலாம். நண்பகலில் மட்டும் நிற்கிறதா? மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போடும்போது மட்டும் நிற்கிறதா? எழுதியவருக்கே விடை கிடைக்கும்.

விண்டோஸ் கணிப்பொறியும் தனக்கென ஒரு குறிப்பேட்டை வைத்திருக்கிறது. 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்ற அதன் பகுதியில், எந்த நாளில் எந்தச் செயலி தவறியது, எந்த நாளில் எந்த மென்பொருள் ஏற்றப்பட்டது என்று நாள்வாரியாகக் காணலாம். அத்துடன் நிகழ்வுப் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு வரி காணப்படலாம். பலர் இதைக் கண்டு மின்வழங்கியே பழுது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். முறையாக மூடப்படாமல் கணிப்பொறி நின்றது என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது. ஏன் நின்றது என்பதை நாம்தான் கண்டறிய வேண்டும்.

மின்சாரமும் வெப்பமும்

விசாரணையை வெளியிலிருந்து உள்ளே நடத்துவது முறை. முதலாவது, மின்சாரம். நம் வீடுகளுக்கு வரவேண்டிய அழுத்தம் 230 வோல்ட். கோடை இரவுகளில் தெரு முழுவதும் ஏசிகள் ஓடும்போது அது குறைவதை விளக்குகள் மங்குவதிலிருந்தே அறியலாம். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கணிப்பொறியும் இஸ்திரிப் பெட்டியும் பிரிட்ஜும் மாட்டப்பட்டிருந்தால், கணிப்பொறியைச் சுவரிலுள்ள தனி இணைப்புக்கு மாற்றிச் சில நாட்கள் பாருங்கள். பெட்டியின் உலோகப் பாகத்தைத் தொட்டால் விறுவிறுப்பு உணரப்படுகிறதா? அப்படியானால் எர்த்திங் சரியில்லை எனலாம். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துச் சரிசெய்ய வேண்டும். அது கணிப்பொறிக்கு மட்டுமன்றி மனித உயிருக்கும் ஆபத்தானது.

கணிப்பொறியின் உள்ளே எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டி இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவது அதன் பணி. விலை குறைவு என்பதற்காக வாங்கப்படும் சில பெட்டிகள், மேலே எழுதியுள்ள அளவு சக்தியைத் தருவதில்லை. எழுத்து வேலையின்போது ஒழுங்காக இருந்து, வேலைப்பளு கூடும்போது மட்டும் கணிப்பொறி நின்றால் இதனையும் ஐயப்பட வேண்டும். எக்காரணம் கொண்டும் அந்தப் பெட்டியைப் பிரிக்கக் கூடாது. மின்இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் உள்ள கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வேறொரு நல்ல பெட்டியை மாற்றிப் பார்ப்பதே சோதனை முறை.

அடுத்தது வெப்பம். இன்றைய செயலிச் சில்லுகள் பலவற்றுக்கு 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரையே எல்லை. அதனை நெருங்கினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலும் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சென்னையின் கோடையில் அறையே கொதிக்கும்போது, மர அலமாரிக்குள் அடைத்து வைத்த கணிப்பொறி எவ்வாறு மூச்சுவிடும்? சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மடிக்கணினியை மெத்தையின்மீது வைத்து உழைக்க விடாதீர்கள். அதன் காற்றுத்துளைகள் கீழ்ப்புறத்தில் இருக்கும். புதிய கணிப்பொறியில் நேரும் வேடிக்கையான பிழை ஒன்றும் உண்டு. செயலியின்மேல் பொருத்தும் குளிர்விப்பானின் அடியில் ஒட்டப்பட்டுவரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே சிலர் பொருத்திவிடுகின்றனர். ஒரு சிறு தாள் புதுக் கணிப்பொறியைக் காய்ச்சலில் கிடத்திவிடும்!

நினைவகத்தைச் சோதித்தல்

மின்சாரமும் வெப்பமும் குற்றமற்றவை என்று தெரிந்தபின், ராம் எனப்படும் நினைவகத்துக்கு வருவோம். புதுக் கணிப்பொறிகள் நிற்பதற்கு அடிக்கடி காரணமாக அமைவது இது. கடையிலிருந்து வண்டியில் வரும்போது ஏற்படும் குலுக்கலில் நினைவகப் பலகை சற்றே நெகிழ்ந்திருக்கலாம். விற்பனையாளர் ஒட்டிய முத்திரை இருந்தால் நீங்கள் திறவாதீர்கள், உத்தரவாதம் போய்விடக்கூடும், அவர்களையே திறக்கச் சொல்லுங்கள். திறக்க உரிமை இருந்தால், மின்இணைப்பை நீக்கி, பெட்டியின் உலோகப் பாகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கியபின், பலகையைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தலாம்.

இரண்டு பலகைகள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். பின்பு மற்றொன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். ஒன்றில் நின்று மற்றொன்றில் நில்லாவிட்டால் குற்றவாளி ஏறத்தாழ அகப்பட்டுவிட்டது. 'மெம்டெஸ்ட்86+' என்ற இலவச மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டால், நினைவகத்தில் பிழை இருப்பின் காலையில் சிவப்பு வரிகளாகத் தெரியும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பை நம்பலாகாது. பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்பில் 'எக்ஸ்.எம்.பி.' என்ற வசதி இயக்கப்பட்டிருந்தால் அதனை அணைத்தும் பாருங்கள். நினைவகத்தை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் வசதி அது. எல்லாக் கணிப்பொறிகளும் அந்த ஓட்டத்தைத் தாங்குவதில்லை.

இங்கே ஒரு பொது விதியை நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். நினைவகத்தை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்து, இணைப்பையும் மாற்றியபின் கணிப்பொறி சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று எவருக்கும் தெரியாது. மீண்டும் கோளாறு வந்தால் மீண்டும் இருளில்தான் தேட வேண்டும்.

மென்பொருளா, வன்பொருளா?

இக்கேள்விக்கு விடை காண எளிய வழி ஒன்று உண்டு. லினக்ஸ் இயங்குதளம் ஏற்றப்பட்ட பென் டிரைவ் ஒன்றிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கி, ஓரிரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வட்டிலுள்ள விண்டோஸும் அதில் மகன் ஏற்றிய விளையாட்டுகளும் அப்போது உறங்கிக்கொண்டிருக்கும். அப்போதும் கணிப்பொறி நின்றால், வன்பொருளின்மீதே பலத்த ஐயம் விழும். தாய் மகன்மீது சுமத்திய குற்றச்சாட்டும் அநேகமாகத் தள்ளுபடியாகிவிடும்! நில்லாமல் ஓடினால், மென்பொருளையும் வட்டையும் ஆராய வேண்டும். 'சேஃப் மோட்' எனப்படும் பாதுகாப்பு முறையில் விண்டோஸைத் தொடங்கினால், இன்றியமையாத பகுதிகள் மட்டுமே இயங்கும். அதில் நன்றாக ஓடும் கணிப்பொறி வழக்கமான முறையில் நின்றால், அண்மையில் சேர்க்கப்பட்ட டிரைவரையோ, ஒன்றுக்கு இரண்டாக ஏற்றப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மென்பொருளையோ நீக்கிப் பார்க்கலாம்.

வைரஸ் எதிர்ப்புக் காவலே வழியை அடைத்துவிடுமா என்று சிலர் கேட்கலாம். 2024 ஜூலை 19 அன்று உலகமே அதனைக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு கோப்பினால், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அந்தக் கணிப்பொறிகளில் எந்த உறுப்பும் பழுதாகவில்லை. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை அழித்தபின் பல இயந்திரங்கள் உயிர் பெற்றன.

திரை சொல்வது ஒன்று, உண்மை வேறு

புதுக் கணிப்பொறி பற்றிய விசாரணையில் மிக அண்மைக் காலத்துப் பாடம் இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகளிலிருந்து கிடைக்கிறது. விலையுயர்ந்த அந்தச் செயலிகளை வாங்கியோர் பலர், விளையாட்டுகள் இடையிலேயே நின்றுவிடுவதாக முறையிட்டனர். திரையில் தோன்றிய செய்தியோ, படத்துக்குரிய நினைவகம் போதவில்லை என்றது. இயல்பாகவே அவர்கள் படஅட்டையைக் குறை கூறினர். விளையாட்டை உருவாக்கியோரைக் குறை கூறினர். படஅட்டை குற்றமற்றதாக இருந்தது. 2024 ஜூலையில் இன்டெல் நிறுவனமே, செயலிகள் தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெறும்படி அவற்றின் உள்நிரல் அமைந்திருந்ததை அறிவித்தது. பயாஸைப் புதுப்பிப்பதன் வழியாகத் திருத்தத்தை அளித்ததோடு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. எனினும், ஏற்கெனவே கெட்டுவிட்ட செயலியை அத்திருத்தம் குணப்படுத்தாது. அதனை மாற்றியே ஆக வேண்டும்.

திரையில் தோன்றும் செய்தி ஒரு சாட்சியின் வாக்குமூலம் போன்றது. அது பொய் சொல்ல நினைக்காவிட்டாலும், தான் கண்டதை மட்டுமே சொல்லும். எய்தவன் இருக்க அம்பை நோகலாமா? ஆகவே புதுக் கணிப்பொறி தொடர்ந்து நிற்குமானால், தாய்ப்பலகையின் தயாரிப்பாளர் புதிய பயாஸ் வெளியிட்டிருக்கிறாரா என்று அவருடைய தளத்திலேயே பாருங்கள். அதனை ஏற்றும்போது நடுவில் மின்சாரம் போனால் பலகையே பயனற்றுப்போகலாம், யூ.பி.எஸ். இணைத்த பின்பே அப்பணியில் இறங்க வேண்டும்.

அகப்படாத கோளாறு

சில கோளாறுகள் நாம் பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும். பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசென்றால் நாள் முழுவதும் ஓடும்; வீட்டுக்கு வந்தவுடன் நிற்கும். இதனால் "நீதான் பொய் சொல்கிறாய்" என்ற பழி மீண்டும் பிள்ளையின்மீதே விழும்.

1997 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் 'பாத்ஃபைண்டர்' விண்கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி தானாகவே மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்கலாயிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய பணி தடைப்பட்டது. பத்துக் கோடிக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இயந்திரத்தை எவர் போய்த் திறந்து பார்ப்பது? பொறியாளர்கள் பூமியில் வைத்திருந்த அதே போன்ற கணிப்பொறியை இரவு பகலாக ஓட்டி, அக்கோளாறு அதிலும் தோன்றும்வரை காத்திருந்தனர். தோன்றியது, காரணமும் தெரிந்தது. அவசரமற்ற வேலையொன்று பொதுவான ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டிருக்க, நடுத்தர வேலைகள் குறுக்கே புகுந்து அதனைத் தாமதப்படுத்த, மிக அவசரமான வேலை அக்கருவிக்காகக் காத்துக்கிடந்தது. காவல் நிரல் இதனைக் கண்டு கணிப்பொறியை மறுபடி தொடக்கியது. ஒரு சிறு திருத்தத்தை வானொலி அலை வழியே அனுப்பியதும் தொல்லை தீர்ந்தது.

இக்கோளாறு விண்கலம் புறப்படுமுன் நடந்த சோதனைகளிலும் தலைகாட்டியிருந்தது. மீண்டும் வரவழைக்க முடியாமற்போனதால் அன்று காரணம் அகப்படவில்லை. ஒருமுறை தோன்றி மறைந்த கோளாறு இல்லாத கோளாறாகிவிடாது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ? அப்படிப்பட்ட நேரங்களில் குறிப்பேடும், கைபேசியில் எடுத்த ஒளிப்பதிவுமே உண்மைக்குச் சாட்சி நிற்கும்.

கடைக்காரரிடம் செல்லும்போது

பெரும்பாலான விற்பனையாளர்கள் மாற்றித் தருவதற்குச் சில நாட்களே அவகாசம் தருகின்றனர். ஆகவே 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று காலம் கடத்தலாகாது. முதல் நிறுத்தம் நேர்ந்த நாளிலேயே கடைக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். விசாரணையைப் பிறகு தொடரலாம். ரிச்சி தெரு போன்ற இடங்களில் உதிரிபாகங்களாக வாங்குவோர், ஒவ்வொரு பாகத்துக்கும் தனி உத்தரவாதம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ரசீதில் ஒவ்வொன்றின் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'பில் இல்லாவிட்டால் விலை குறையும்' என்ற பேச்சுக்கு மயங்குவோர் தம் உரிமையைத் தாமே விற்றுவிடுகின்றனர்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ரசீது தர மறுப்பதையும், குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிக முறை என்று அது கூறுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால், பொருள் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். வழக்குக்குரிய காரணம் தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் ஏதுமில்லை.

கடைக்காரரிடமும் சினத்தோடு செல்ல வேண்டியதில்லை. "இத்தனை நாளில் இத்தனை முறை நின்றது, லினக்ஸிலும் நின்றது, இந்த நினைவகப் பலகையை எடுத்தபின் நிற்கவில்லை" என்று குறிப்பேட்டைத் திறந்து காட்டினால், நேர்மையான வணிகர் மறுபேச்சின்றி மாற்றித் தருவார். மறுப்பவரிடம் அதே குறிப்பேடு சட்டத்தின் முன் உங்களுக்குத் துணை நிற்கும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

கணிப்பொறிக்கு உத்தரவாதம் உண்டு. ஒரு பாகம் கெட்டால் மற்றொன்று வரும். செய்யாத குற்றத்துக்காகப் பிள்ளையின் மனத்தில் ஏற்பட்ட காயத்துக்கு எந்தக் கடையில் மாற்று வாங்குவது? ஒருமுறை பொய்யன் எனப்பட்ட பிள்ளை, மறுமுறை உண்மையிலேயே ஏதேனும் தவறு நேர்ந்தால் நம்மிடம் வந்து சொல்லுமா? இணையத்தில் யாரோ மிரட்டினாலும், பணத்தை ஏமாந்தாலும், திட்டு விழுமே என்று மறைக்கத்தானே தோன்றும்?

ஆகவே விசாரணையில் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், உடன் ஆராய்பவனாக அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பலகையைப் பொருத்தும்போது விளக்கைப் பிடிக்கட்டும், நேரத்தைக் குறிக்கட்டும், அடுத்து எதை மாற்றிப் பார்க்கலாம் என்று அவனே கூறட்டும். அவன் ஏற்றிய மென்பொருளே காரணம் என்று முடிவில் தெரியவந்தாலும், தானே கண்டுபிடித்த உண்மையை அவன் தயக்கமின்றி ஏற்றுக்கொள்வான். இயந்திரம் சரியான பின்னும் அந்தப் பழக்கம் வீட்டில் தங்கும். குழாய் ஒழுகினாலும், தேர்வில் மதிப்பெண் குறைந்தாலும், முதலில் யார் என்று கேட்காமல் ஏன் என்று கேட்கும் குடும்பமாக நாம் வளர்வோம்.